பாண்டியன் லாயமும் எங்க கொட்டகையும்

நாலு நாளா மழை விடல, தோட்டத்துல கால் வைக்க முடியல. சும்மா உக்காந்து பாண்டியர் காலத்துக் குதிரை வியாபாரத்தைப் பத்திப் படிச்சுட்டிருந்தேன். படிக்கப் படிக்க எங்க அப்பாரு வச்சிருந்த செவலை ஞாபகம் வந்துருச்சு. அதனால ரெண்டையும் சேர்த்தே எழுதறேன்.

நம்ம சீமைக்கு உசந்த ஜாதிக் குதிரை கடல் வழியாத்தான் வந்துருக்கு. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்ல வந்த குதிரைங்க பட்டினப்பாலையிலேயே இருக்கு. மாணிக்கவாசகர் கதையும் பாண்டியன் குதிரை வாங்கக் குடுத்தனுப்பின பணத்துல இருந்துதான் தொடங்குது.

1290-கள்ல மார்க்கோ போலோ வந்தப்போ தாமிரபரணி முகத்துவாரத்துல காயல் துறைமுகம் நல்லா நடந்துட்டிருந்த காலம். ராஜா வருசத்துக்கு 2000 குதிரைக்கு மேல வாங்கறாரு, சகோதரர்களும் அதே மாதிரி வாங்கறாங்க, வருசக் கடைசியில 100 கூட மிஞ்சறதில்லைன்னு அவர் எழுதி வச்சிருக்காரு. அதே காலத்துப் பாரசீக வரலாற்றுக்காரர் வஸ்ஸாஃப், குதிரை ஒண்ணுக்கு 220 செம்பொன் தினார் விலைன்னு சொல்றாரு. வர்ற வழியில கப்பல்லயே செத்தாலும் விலையைக் குடுத்தாகணும்னு ஒப்பந்தமாம்.

இத்தனை காசு போட்டு வாங்கினது ஏன் செத்துச்சு? பார்த்துக்கத் தெரிஞ்ச ஆள் இல்லைங்கறாரு போலோ. லாடம் கட்டி வைத்தியம் பார்க்கற ஆளுங்களைக் குதிரை வியாபாரிங்க கூட்டிட்டு வரவும் மாட்டாங்க, இந்தப் பக்கம் வரவும் விடமாட்டாங்க. செத்தாத்தானே அடுத்த வருசம் விக்கலாம்! தீனியா சமைச்ச சோறும் கறியும் போட்டாங்கன்னும் எழுதறாரு. வஸ்ஸாஃப் சொல்றது வேற: வறுத்த வாற்கோதுமை, நெய் போட்ட தானியம், காய்ச்சின பசும்பால். நாப்பது நாள் லாயத்துல முளை அடிச்சுக் கட்டி வச்சுக் கொழுக்க விடுவாங்களாம்.

வெளியூர்க்காரங்க எழுத்துல கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். குதிரைப்படை வச்சு சண்டை போட்டவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா அந்த நெய்யும் பாலும் நாப்பது நாளும் படிச்சப்போ புத்தகத்தை மூடி வச்சுட்டேன். அதே தப்பை எங்க வீட்டுலயும் பண்ணியிருக்கோம்.

1981. நான் ஏழாவது படிச்சேன். அப்பாரு பழனி ரயிலடியில இருந்து அடிவாரத்துக்கு ஜட்கா ஓட்டுனாரு. காடு மூணு ஏக்கரும் வானம் பார்த்த பூமி, குடும்பமே அந்த மட்டக்குதிரையை நம்பித்தான் இருந்துச்சு. ஒருநாள் ராத்திரி செவலை நொண்டிக்கிட்டே வந்து நின்னுச்சு. வலது முன்னங்கால் குளம்புல ரெண்டு அங்குல ஆணி. அப்பாரு ஆணியைப் பிடுங்கி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ச்சி ஊத்தி, ஓட்டையைத் தேன்மெழுகு வச்சு அடைச்சுட்டாரு. மூணாம் நாள் அது காலைத் தரையில ஊன மாட்டேங்குது.

டாக்டரைக் கூட்டிட்டு வந்தோம். அவர் வேப்பேரி கல்லூரியில படிச்சவரு. ஓசூர் கால்நடைப் பண்ணை 1824-ல பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கின இடம்னும், வேப்பேரி கல்லூரி 1903-ல வந்ததுன்னும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல்ல ரணஜன்னி ஊசி போட்டாரு. குதிரைக்கு அந்த நோய் சீக்கிரம் பிடிக்கும், கிருமியும் அது போடற லத்தியிலேயே இருக்கும். அந்த மருந்தையே குதிரை ரத்தத்துல இருந்துதான் எடுத்தாங்கன்னு பின்னாடி படிச்சேன். அப்புறம் வளைஞ்ச கத்தியால மெழுகு அடைச்ச இடத்தைச் சுரண்டித் திறந்தாரு. கறுப்பாச் சீழ் பீறிட்டு வந்துச்சு. "ஓட்டையை அடைச்சா உள்ளேயே அழுகும், அது கீழ வடியணும்"னாரு. தினம் ரெண்டு வேளை வெதுவெதுப்பான உப்புத்தண்ணியில குளம்பை ஊற வச்சு, தவிட்டைச் சூடா வச்சுக் கட்டி, மேல பழைய லாரி ட்யூபை வெட்டிச் செருப்பு மாதிரி மாட்டினோம். பதினஞ்சு நாள்ல புண்ணு காய்ஞ்சுது.

அங்கதான் தப்பு நடந்துச்சு. சம்பாதிச்சுப் போட்ட ஜீவன் இளைச்சு நிக்குதேன்னு ஆத்தாவுக்குப் பொறுக்கல. கம்பங்கூழ், வேகவச்ச கொள்ளு, வெல்லம், எள்ளுப் புண்ணாக்குன்னு வேலை செய்யற நாள்ல போடறதை விட அதிகமாப் போட்டாங்க. செவலை கொட்டகையை விட்டு நகரவே இல்லை. நாலாம் வாரம் நல்ல கால், அதான் இடது முன்னங்கால், தொட்டாச் சுட்டுச்சு. முன்னங்கால் ரெண்டையும் முன்னாடி நீட்டிப் பின்னங்கால்ல பாரம் போட்டு நடுங்கிட்டு நின்னுச்சு. வித்துருவோம்னு சித்தப்பா சொன்னாரு. வாங்கற ஆள் எதுக்கு வாங்குவான்னு எல்லாருக்கும் தெரியும். அப்பாரு பேசவே இல்லை.

மறுபடி வந்த டாக்டர் தீனித் தொட்டியைப் பார்த்ததும் கத்திட்டாரு. ஒரு கால் ஊனலைன்னா மத்த கால் அத்தனை பாரத்தையும் தாங்கும். அதுக்கு மேல சும்மா நிக்கற குதிரைக்குத் தானியத்தை அள்ளிப் போட்டா குளம்புக்குள்ள எலும்பைப் பிடிச்சிருக்கற சதை வீங்கி விட்டுப்போகும். மாட்டுக்கு நாலு வயிறு இருக்கு, குதிரைக்கு ஒண்ணுதான்னாரு. அன்னைக்கே தானியம் மொத்தமும் நின்னுச்சு. காய்ஞ்ச புல்லும் தண்ணியும்தான். சண்முகநதி மணலை ரெண்டு வண்டி கொண்டாந்து முழங்கால் அளவுக்குப் பரப்புனோம். காலையில வாய்க்கால் தண்ணியில ஒரு மணி நேரம் நிக்க வச்சோம். அது கயித்தைப் பிடிச்சு நின்னது நான்தான், பள்ளிக்கூடத்துக்கு லேட்டாப் போய் அடியும் வாங்கியிருக்கேன்.

லாடக்காரர் ஆறு வாரத்துக்கு ஒருதரம் வந்து குளம்பு முனையைச் சீவிவிட்டாரு. குளம்பு மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். முழுசாப் புதுசாக வருசம் ஆச்சு. கெட்டுப்போன அந்த வாரம் மேட்டு வளையமா விழுந்து, மாசாமாசம் கீழ இறங்கி வந்ததைக் கண்ணால பார்த்தேன். பாண்டியன் லாயத்துலயும் இதே நோய்தான் குதிரைகளை முடிச்சிருக்கும்னு எனக்குத் தோணுது.

செவலை பிழைச்சுது. ஆனா தார்ரோட்டுல பாரம் இழுக்க முடியல. அப்பாரு ஜட்காவை வித்தாரு, குதிரையை விக்கல. 1988 வரைக்கும் தோட்டத்து வேலியோரம் மேய்ஞ்சுட்டுக் கிடந்துச்சு.

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனா, எல்லாரும் நெத்தியிலயும் கழுத்துலயும் சுழி பார்ப்பாங்க. பழைய அசுவ சாஸ்திரத்துலயும் சுழிக்குப் பெரிய இடம் உண்டு. நான் வாங்கற ஆள் இல்லை. இருந்தாலும் குனிஞ்சு குளம்புல வளையம் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் நிமிருவேன். விக்கறவங்களுக்கு அது பிடிக்கறதில்லை.