பூவேலையின் பிறப்பிடம்

நெசவு நம் முன்னோர் போற்றி வளர்த்த தொழில் என்பதை நம்மவர் யாவரும் அறிவர். ஆயின், சேலையில் எழும் பூவும் கொடியும் எங்கிருந்து வந்தன என்று ஆராய்வார் சிலரே. கள்ளக்குறிச்சிப் பக்கத்தைக் கொண்டு அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முன்னோர் பூவேலைக்குப் புத்தகம் பார்த்தாரல்லர். மயிற்கண், குயிற்கண், மல்லிமொக்கு, தாழம்பூ, உருத்திராக்கம், அன்னபட்சி, யாளி, கோபுரம் எனக் காஞ்சிபுரத்தில் வழங்கும் பெயர்களே அதற்குச் சான்றாம். தோட்டத்திலும் கோயிலிலும் கண்டவற்றையே அவர்கள் தறியில் ஏற்றினர். 1804-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பார் துளையட்டைக் கருவியை அமைத்தார். அஃது ஈண்டு வருமுன், ஒருவர் நெய்ய மற்றொருவர் 'அடை' நூலை இழுத்துக் கொடுக்கவே பூ எழுந்தது.

நிறத்தின் வரலாறும் இத்தகையதே. பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் அவுரி மிகுதியாகப் பயிராயிற்று. 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின் அப்பயிர் அருகிற்று. கல்வராயன் மலையிலோ கடுக்காய் மரங்கள் இன்றும் உள. கடுக்காய் நீரில் ஊறிய துணியில் படிகாரம் இட்ட இடம் சாயவேரால் சிவக்கும். இரும்பு கரைந்த நீர் பட்ட இடம் கறுக்கும். கலம்காரியின் அடிப்படை இதுவேயாம்.

இது நிற்க. கோடாலிக் கருப்பூரில் சரிகை நெய்தும் சாயம் தீட்டியும் செய்த சேலைகள் தஞ்சை மராட்டிய அரண்மனைக்குச் சென்றன. 1855-ஆம் ஆண்டில் அவ்வரசமரபு முடிவுற்றது. ஆதரிப்பார் இன்மையால் அச்சேலைத் தொழிலும் நாளடைவில் மறைந்தது. எஞ்சிய கருப்பூர்க் கலம்காரி ஓவியமும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. உளியால் மரத்தில் மலரும் கொடியும் தறியில் மலரும் கொடியும் உடன்பிறப்புகள் அன்றோ?

அரண்மனை ஒன்றையே நம்பிய கலை அதனோடு மாய்ந்தது. நம் இல்லங்களிலோ, பூவின் பெயரும் இழைக்கணக்கும் முதியோர் நினைவில் மட்டுமே தங்கியுள்ளன. அவர்கள் மறைந்தால் அவையும் மறையும். ஆதலின், பழஞ்சேலையின் சிறு துண்டொன்றை ஒட்டி, அதன் பூவின் பெயர், காரணம், இழைக்கணக்கு ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பத்தாரும் எழுதிவைத்தல் கடனாகும். இளைஞரும் அயலூர் மாதிரிகளைப் படியெடுப்பதோடு அமையாது, திருக்கோவலூர்க் கோயில் மண்டபங்களையும் கல்வராயன் மலைச் சோலைகளையும் கண்டு, கட்டக் காகிதத்தில் வரைந்து பழகுவாராக. கண்ணெதிரே உள்ளதைக் காணாது பிறரிடம் இரவல் கேட்பது நம் கைத்திறனுக்கு அழகன்று.