ஒன்பது பவுண்டு பிடித்தம்

1823 ஜனவரியில் சார்லஸ் லாம்ப் தன் நண்பர் பெர்னார்ட் பார்ட்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பார்ட்டன் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உட்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் வங்கிக் குமாஸ்தா, கவிஞர். வங்கி வேலையை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் நம்பிப் பிழைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். லாம்பின் பதில் கிட்டத்தட்ட ஓர் அலறல். பதிப்பாளர்களை அண்டி வாழ்வதைவிடச் செங்குத்துப் பாறையிலிருந்து இரும்பு முள்கள்மேல் குதிப்பது எவ்வளவோ மேல் என்கிறார். வங்கியை விடாமல் இருந்தால் வங்கி பார்ட்டனைக் காப்பாற்றும் என்கிறார்.

இதை எழுதியவர் வேலையில் சந்தோஷமாக இருந்த ஆளாக இருந்தால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. லாம்ப் அப்படியில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமை அலுவலகத்தில் கணக்கெழுதத் தொடங்கி அவருக்கு அப்போது 30 ஆண்டுகள் தாண்டியிருந்தன. முந்தைய வருடம்தான், இத்தனை ஆண்டுகள் ஆகியும் தன் கழுத்து நுகத்தடிக்குப் பழகவில்லை என்று வேர்ட்ஸ்வொர்த்திடம் புலம்பியிருந்தார். தன் வேலையை இவ்வளவு வெறுத்தவர் இன்னொருவனிடம் ஏன் 'விடாதே' என்று கத்த வேண்டும்?

எனக்கு இது வெறும் இலக்கியக் கேள்வி இல்லை. 12 வருடங்களாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ராஜினாமா செய்வதை நாங்கள் 'பேப்பர் போடுவது' என்போம். இரண்டு வருடமாக அதைப் போடுவதா வேண்டாமா என்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வயிற்றில் ஏதோ கனக்க ஆரம்பிக்கும். மறுநாள் மீட்டிங்கில் யார் என்ன கேட்பார்கள் என்று மனசு தானாகவே ஒத்திகை பார்க்கும். நண்பர்களிடம் சொன்னால், "பேசாம பேப்பர் போடு மச்சான், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். அம்மாவிடம் சொன்னால், "அவனவன் வேலை கிடைக்காம அலையறான், உனக்கு என்னப்பா குறைச்சல்?" என்பாள். எதிரெதிரான இந்த இரண்டு பதில்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். இரண்டுமே இதை ஒருவனுடைய குணம் சம்பந்தப்பட்ட விஷயமாகப் பார்க்கின்றன. தைரியம் இருந்தால் விடுவான், பொறுப்பு இருந்தால் இருப்பான். லாம்பின் வாழ்க்கை இந்த இரண்டு கட்டத்துக்குள்ளும் அடங்க மறுக்கிறது.

*

லாம்ப் 1775இல் லண்டனில் பிறந்தார். கோல்ரிட்ஜ் அவருடைய பள்ளித் தோழர். திக்குவாய் காரணமாகப் பல்கலைக்கழக வழி லாம்புக்கு அடைபட்டது. 1792 ஏப்ரலில், 17 வயதில், கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளம் கிடையாது, வருடத்துக்கு ஒரு சிறிய அன்பளிப்புத் தொகை மட்டும். லெடன்ஹால் தெருவில் இருந்த அந்த அலுவலகக் கட்டடம் 1861இல் இடிக்கப்பட்டது. இன்று அந்த இடத்தில் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையின் கட்டடம் நிற்கிறது.

தேயிலை, அவுரி, துணி என்று கம்பெனி ஏலம் விட்ட சரக்குகளின் கணக்கைப் பேரேட்டில் ஏற்றுவதுதான் வேலை. 1815இல் எழுதிய ஒரு கடிதத்தில், காலை 10 மணிக்குப் போனவன் நடுவில் சாப்பாட்டு நேரம் போக இரவு 11 மணிவரை அலுவலகத்திலேயே கிடந்ததாகச் சொல்கிறார். தன் உண்மையான படைப்புகள் லெடன்ஹால் தெரு அலமாரிகளில் நூறு தொகுதிகளாக இருக்கின்றன என்று பிற்பாடு கேலியாக எழுதினார். அவர் சொன்னது கணக்குப் பேரேடுகளை.

ஓய்வு பெற்ற குமாஸ்தாவைப் பற்றி 1825இல் அவர் எழுதிய கட்டுரையில் ஓர் இடம் உண்டு. அந்தக் குமாஸ்தா பகலில் வேலை பார்த்தது போதாதென்று இரவெல்லாம் தூக்கத்திலும் வேலை பார்க்கிறான். கணக்கில் இல்லாத பிழையை இருப்பதாக நினைத்துத் திடுக்கிட்டு விழிக்கிறான். நடுராத்திரி எழுந்து, புரொடக்‌ஷனில் ஏதாவது விழுந்துவிட்டதோ என்று லேப்டாப்பைத் திறந்து பார்த்த எவருக்கும் இந்த இடத்துக்கு அடிக்குறிப்பு தேவையில்லை.

அப்படியென்றால் ஏன் விடவில்லை?

1796 செப்டம்பர் 22. லாம்புக்கு 21 வயது. அக்கா மேரிக்கு 31. மேரி துணி தைத்துக் குடும்பத்துக்குச் சம்பாதித்தவர், படுத்த படுக்கையான அம்மாவையும் பார்த்துக்கொண்டவர். அன்று உணவுக்கு முன், மனம் பிறழ்ந்த ஒரு கணத்தில், மேரி மேசைக் கத்தியால் அம்மாவைக் குத்திக் கொன்றார். விசாரணையில் அது பைத்திய நிலையில் நடந்தது என்று தீர்ப்பானது. அடுத்த கேள்வி, மேரியை எங்கே வைப்பது? அண்ணன் ஜானின் எண்ணம், அவரை ஆயுளுக்கும் மருத்துவமனையில் விட்டுவிடுவது. சார்லஸ் மறுத்தார். மேரியைத் தானே பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்வதாக உறுதி கொடுத்தார்.

இதையடுத்து, அக்டோபர் மாதம் கோல்ரிட்ஜுக்கு அவர் எழுதிய கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதில் துக்கம் இருக்கிறது. ஆனால் என்னை நிறுத்தியது அதில் உள்ள கணக்கு. குடும்பத்தின் மொத்த வருமானம் ஆண்டுக்கு 170 அல்லது 180 பவுண்டு. அதில் மேரி இஸ்லிங்டனில் ஒரு தனியார் இல்லத்தில் தங்க 50, 60 பவுண்டு ஒதுக்கலாம். அம்மா இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பையன் உட்கார்ந்து பட்ஜெட் போடுகிறான். இதை மனம் மரத்த ஒருவனின் செயலாக என்னால் படிக்க முடியவில்லை. அந்த எண்கள்தான் அவன் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு.

மேரிக்கு அந்த நோய் வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்ப வந்தது. வரப்போவதை அவரே உணர்ந்துவிடுவார். அப்போது அக்காவும் தம்பியும் கைகோத்து அழுதுகொண்டே ஹாக்ஸ்டன் மனநல இல்லத்துக்கு நடந்துபோனதை வழியில் கண்டதாக ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். குணமான காலங்களில் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள், சேர்ந்து எழுதினார்கள். 1807இல் வந்த, நம் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிற 'டேல்ஸ் ஃப்ரம் ஷேக்ஸ்பியர்' கதைகளில் பெரும்பகுதி மேரி எழுதியது.

தைரியக் கட்டத்தில் போட்டால் லாம்ப் கோழை, பொறுப்புக் கட்டத்தில் போட்டால் தியாகி. இரண்டும் பொருந்தவில்லை. ஒவ்வொரு மாதமும் அந்தச் சம்பளம் என்னத்தை வாங்குகிறது என்று துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்த ஒரு மனிதர், அவ்வளவுதான்.

*

வேலையை உதறிவிட்டு எழுத வந்தவர்கள் என்று நாம் கொண்டாடுகிறவர்களின் கணக்கையும் இதே பேரேட்டில் பார்க்க வேண்டும். கோல்ரிட்ஜ் 1798இல் ஷ்ரூஸ்பரியில் ஒரு தேவாலயப் போதகர் வேலையை ஏற்கவிருந்தார். ஏற்காமல் விட்டதற்குக் காரணம், மண்பாண்டத் தொழிலில் செல்வம் குவித்த வெட்ஜ்வுட் சகோதரர்கள் ஆண்டுக்கு 150 பவுண்டு உதவித்தொகை தர முன்வந்தது. வேர்ட்ஸ்வொர்த்துக்கு 1795இல் ரெய்ஸ்லி கால்வர்ட் என்ற நண்பர் இறக்கும்போது 900 பவுண்டு எழுதிவைத்தார். அதே வேர்ட்ஸ்வொர்த் 1813இல் முத்திரைத்தாள் விநியோகிக்கும் அரசுப் பதவியையும் ஏற்றுக்கொண்டார். இவர்களின் மேதைமையை இது குறைக்கவில்லை. ஆனால் 'துணிந்து இறங்கினார்கள்' என்று சொல்லும்போது கீழே வலை கட்டியிருந்ததையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

லாம்ப் இருந்த அதே கட்டடத்தில் 1823இல் 17 வயதுப் பையன் ஒருவன் வேறொரு பிரிவில் சேர்ந்தான். ஜான் ஸ்டூவர்ட் மில். அவன் மேலதிகாரி அவனுடைய அப்பாதான். 1858இல் கம்பெனியின் ஆட்சி முடிந்து அதிகாரம் பிரிட்டிஷ் அரசுக்குப் போகும்வரை, 35 ஆண்டுகள் மில் அங்கேயே இருந்தார். அலுவலக வேலை தன் மற்ற மூளை உழைப்புகளிலிருந்து கிடைத்த ஓய்வு என்று சுயசரிதையில் எழுதுகிறார். எழுதித்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையில் நல்ல எழுத்து வராது என்பது அவருடைய கருத்தும். கம்பெனி ஒன்று, வாசல் ஒன்று, ஒருவருக்கு ஓய்வு, இன்னொருவருக்கு நுகத்தடி. மில்லின் வேலை சிந்தித்து எழுதும் வேலை. லாம்பின் வேலை எண்களைப் பிரதியெடுப்பது. 'வேலை' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அறிவுரை கொடுப்பவர்கள் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

லாம்பின் பேரேட்டுக்கு இன்னொரு முனை உண்டு. அது நம் கரையில் இருந்தது. கம்பெனி லண்டனில் விற்ற சரக்குகளில் சோழமண்டலக் கரைத் துணியும் ஒன்று. இங்கே நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்குவது வழக்கம். 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி பிரசன்னன் பார்த்தசாரதி செய்த ஆய்வில் ஒரு செய்தி வருகிறது. பழைய வழக்கப்படி, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நெசவாளர் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். வணிகரால் அப்படிப் பணத்தைத் திரும்பக் கேட்டு விலக முடியாது. கதவு நெசவாளர் பக்கம் திறந்தது. பிடிக்காவிட்டால் தறியோடு வேறு ஊருக்கும் கிளம்பிவிடுவார்கள். கம்பெனி கையில் அரசதிகாரம் வந்த பிறகு செய்த காரியங்களில் ஒன்று, அந்தக் கதவைச் சாத்தியது.

இதைப் படித்தபோது என் நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 90 நாள் நோட்டீஸ். அதைக் குறைக்க வேண்டுமானால் நான் பணம் கட்ட வேண்டும், அதற்கும் நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். நெசவாளரின் நிலையும் என் நிலையும் ஒன்று என்று சொல்லவில்லை. அவருக்கு ஏசி அறை இல்லை. ஆனால் விடுவதா இருப்பதா என்ற கேள்வியில் மனஉறுதி எவ்வளவு முக்கியமோ, அதே அளவு முக்கியம் கதவை யார் கட்டினார்கள், எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும்.

*

லாம்புக்கும் கதவு திறந்தது. திறந்தது ஒரு சட்டம். 1813 சாசனச் சட்டத்தை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். இந்திய வணிகத்தில் கம்பெனியின் ஏகபோகத்தை முடித்த சட்டம், கல்விக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கிய சட்டம். ஐந்து மார்க் கேள்வி. கம்பெனி ஊழியர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் ஏற்பாடும் அதே சட்டத்தில் இருந்தது. 1825 மார்ச் 29 அன்று, உடல்நலம் சரியில்லை என்ற மருத்துவச் சான்றின்பேரில் லாம்பின் ராஜினாமா ஏற்கப்பட்டது. 33 ஆண்டுப் பணி. கடைசியாக வாங்கிய ஆண்டு வருமானம் 730 பவுண்டு. ஓய்வூதியம் 450 பவுண்டு. அவருக்கு வயது 50.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதல் சில வாரங்கள் நித்தியத்துக்குள் நுழைந்ததுபோல இருப்பதாக எழுதினார். அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பழைய அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்கும் ஓய்வுபெற்ற குமாஸ்தா, தன் தொப்பியை மாட்டும் ஆணி வேறொருவருக்குப் போய்விட்டதைக் கவனிக்கிறான். லண்டனை விட்டு என்ஃபீல்டுக்கும் பிறகு எட்மன்டனுக்கும் குடிபெயர்ந்தார்கள். 1829இல் பார்ட்டனுக்கு எழுதிய கடிதத்தில், அதிக வேலையைவிட வேலையே இல்லாதது மோசம், மனம் தன்னையே தின்னத் தொடங்கிவிடுகிறது என்கிறார். அவரை நிலைக்கச் செய்த 'எலியா' கட்டுரைகளில் பெரும்பகுதி வேலையில் இருந்த கடைசி ஐந்து ஆண்டுகளில் எழுதப்பட்டவை. விடுதலை கிடைத்த பிறகு எழுத்து பெருகவில்லை.

இதை வைத்து 'பார்த்தாயா, வேலைதான் அவரை எழுதவைத்தது' என்று சொல்லிவிடலாம். மேனேஜர்கள் மிகவும் விரும்புவார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. 33 வருடம் ஒரு மனிதனின் பகலையெல்லாம் எடுத்துக்கொண்டு, 50 வயதில், உடம்பு தளர்ந்த பிறகு, 'இந்தா உன் நேரம்' என்று கொடுத்தால், அதை வைத்துக்கொள்ள அவனிடம் கைப்பழக்கம் இருப்பதில்லை. நேரத்தைச் செலவழிப்பதும் ஒரு பழக்கம். அது சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும்.

ஆக லாம்பிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது மூன்று கணக்குகள். இந்தச் சம்பளம் எதைத் தாங்குகிறது? இந்த வேலை என்னிடமிருந்து எதை எடுக்கிறது? வெளியே போனால் என் கையில் என்ன இருக்கும்? மூன்றையும் காகிதத்தில் எழுதினேன். முதலாவதில் வீட்டுக் கடனும் அம்மாவின் மருந்தும். கடனில் இன்னும் 26 தவணை பாக்கி. இரண்டாவதில் தூக்கமும் வாசிப்பும் ஞாயிறு சாயங்காலங்களும். மூன்றாவது வரிசை காலியாக இருந்தது. அதனால் இப்போது வாரத்தில் மூன்று காலைகள், அலுவலகச் செய்திகளைத் திறப்பதற்கு முன், ஒரு மணி நேரம் எழுதுகிறேன். இந்தக் கட்டுரை அப்படி எழுதியதுதான். பேப்பர் இன்னும் போடவில்லை. 26 என்ற எண் மாதாமாதம் குறைகிறது. அது பூஜ்யமாகும்போது மூன்றாவது வரிசையில் ஏதாவது இருக்க வேண்டும். இரண்டாவது வரிசை அதற்குள் உடம்பைத் தொட்டுவிட்டால் முழுக் கணக்கையும் மாற்றிப் போட வேண்டியிருக்கும், அதுவும் தெரியும்.

பார்ட்டன் 1849இல் இறக்கும்வரை அதே வங்கியில்தான் வேலை பார்த்தார். கவிதையையும் விடவில்லை.

லாம்புக்கு 450 பவுண்டும் முழுதாகக் கையில் வரவில்லை. 441தான் வந்தது. வேர்ட்ஸ்வொர்த்துக்கு எழுதிய கடிதத்தில் காரணம் சொல்கிறார்: தனக்குப் பின் மேரி உயிரோடிருந்தால் அவருக்கு ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதற்காக ஆண்டுக்கு 9 பவுண்டு பிடித்தம். 1834 டிசம்பரில் தெருவில் விழுந்து அடிபட்டு, அந்தக் காயத்தால் லாம்ப் இறந்தார். மேரி அதற்குப் பிறகு 12 ஆண்டுகளுக்கும் மேல், 1847 மே வரை வாழ்ந்தார்.