மீண்டெழும் உளவடு: முதலாம் உலகப்போர் மருத்துவக் குறிப்புகள் காட்டும் உடற்குறிகள்

போர்முனையில் நேர்ந்த பேரச்சம், ஆபத்து நீங்கிய பின்னரும் உடலில் தங்கி, நடுக்கமாகவும் பேச்சிழப்பாகவும் கொடுங்கனவாகவும் மீண்டெழுவதை ஆங்கில மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தோருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் சார்லஸ் சாமுவேல் மையர்ஸ்; மற்றவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். இவ்விருவரும் நம் துறைக்கு முற்றிலும் அயலார் அல்லர். 1898-இல் டோரஸ் நீரிணைக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் மானிடவியல் குழுவில் இருவரும் இடம்பெற்றனர். அப்பயணத்தின் தொடர்ச்சியாக மையர்ஸ் சரவாக்கிற்கு வந்தார். ரிவர்ஸ் 1901-02-இல் நீலகிரித் தோடர்களிடையே ஆய்வு நிகழ்த்தி 1906-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அந்நூலை அறிந்த நம்மவருள் பலர் அவருடைய போர்க்கால மருத்துவப் பணியை அறியார். பிறர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டுக் குறித்துக்கொள்ளும் களப்பயிற்சியே அம்மருத்துவத்திற்குத் துணைநின்றது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

1915 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் மையர்ஸ் மூன்று படைவீரர்களைப் பற்றி எழுதினார். 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி என்னும் சொல் மருத்துவ ஏட்டில் வேரூன்றியது இக்கட்டுரையால்தான். மூவருள் ஒருவன், முள்வேலியில் சிக்கிக் கிடக்கையில் சுற்றிலும் குண்டுகள் வெடிக்கக் கண்டவன். அவனுக்குப் பார்வை மங்கியது. நடுக்கமும் அழுகையும் தோன்றின. மூவரிடத்தும் பார்வை, மணம், சுவை ஆகியவை குன்றியிருந்தன, நினைவும் பழுதுற்றிருந்தது. ஆனால் செவிப்புலன் ஏறத்தாழ நலமாகவே இருந்தது. இங்கேதான் மையர்ஸ் தயங்கி நிற்கிறார். பேரோசையுடன் வெடித்த குண்டு காதைத் தாக்காமல், மணமும் சுவையும் அறியும் புலன்களைத் தாக்கியது எவ்வாறு? வெடியின் விசை மட்டுமே காரணமாயின் இது பொருந்தாது. எனவே நினைவும் சில புலன்களும் மனத்தின் பிற பகுதிகளிலிருந்து பிரிந்துவிட்டன என்னும் விளக்கத்தை அவர் நாடினார். இன்று நாம் உளப்பிரிவு என வழங்கும் நிலை இதுவே. 1940-இல் வெளியிட்ட நூலில் அவர் மேலும் ஒருபடி சென்றார். அதிர்ச்சியுற்றவன் சில நாட்களில் இயல்பானவன் போலத் தோன்றுவான், உண்பான், உரையாடுவான், ஆனால் நிகழ்ந்தது அவன் நினைவில் இராது. அச்சத்தைச் சுமந்த மற்றொரு 'ஆள்' உள்ளே மறைந்திருந்து, கனவிலோ திடீர் நடுக்கத்திலோ வெளிப்படுவான். குணமடைந்தவன் என்று விடுவிக்கப்பட்டவன் உண்மையில் குணமடையாதிருக்கலாம் என்பதே இதன் உட்பொருள்.

எடின்பரோ நகரையடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் ரிவர்ஸ் கண்டதும் இதனோடு ஒத்தது. 1917 டிசம்பரில் ஆற்றிய உரையில் அவர் ஓர் அதிகாரியைக் குறிப்பிடுகிறார். சிதறிக்கிடந்த நண்பனின் உடலைக் கண்டெடுத்த அவ்வதிகாரி, பகலில் அதனை முயன்று மறந்திருந்தார். இரவில் அவ்வுருவமே கனவில் வந்தது. 'மறந்துவிடு' என்பதே அக்காலத்து அறிவுரை. ரிவர்ஸ் அதற்கு மாறாக, உடல் அவ்வாறு சிதைந்திருப்பின் நண்பர் துன்புறாமல் அந்நொடியே இறந்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கச் சொன்னார். சில இரவுகள் கனவு வரவில்லை. பின்னர் வந்த கனவில் அதிகாரி அவ்வுடலருகே மண்டியிட்டார்; விழித்தபோது அச்சம் இல்லை, துயரமே இருந்தது. எல்லாருக்கும் இவ்வழி பயன்படவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஆயினும் அதிகாரிகளுக்குக் கிட்டிய இச்செவி சாதாரண வீரர்க்கு எளிதில் கிட்டவில்லை. பேச்சிழப்பும் முடக்கமும் வீரரிடத்தும், பதற்றமும் கனவும் அதிகாரிகளிடத்தும் மிகுந்திருந்ததை ரிவர்ஸே குறித்துள்ளார். லண்டனில் லூயிஸ் யெல்லண்ட் என்னும் மருத்துவர் பேச்சிழந்த வீரர்க்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பேசவைத்தார். அடையாளம் அகன்றது, காரணம் அகன்றதா என்பது வேறு வினா. 1917-இல் படைத்துறை குண்டதிர்ச்சி என்னும் சொல்லுக்கே தடைவிதித்தது. 1922-இல் சவுத்பரோ பிரபு தலைமையிலான குழுவும் அச்சொல்லைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. கோழைமை, படையை விட்டோடுதல் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட 306 வீரர்க்குப் பிரித்தானிய அரசு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களுள் எத்தனை பேருடைய உடல் நடுங்கியது என்பதை எந்த நீதிமன்றமும் எண்ணவில்லை.

இவ்வரலாறு மலேசியத் தமிழாய்வுக்கு ஒரு வினாவை எழுப்புகிறது. 1943 அக்டோபரில் முடிவுற்ற, 415 கிலோமீட்டர் நீளமுடைய சயாம்-பர்மா இரயில்பாதைப் பணிக்கு மலாயாவிலிருந்து பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். அங்குப் போர்க்கைதிகளிடையே மருத்துவர் இருந்தனர். மறைவாகக் குறிப்புகள் எழுதினர். தாயகம் மீண்ட கைதிகளை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி பல்லாண்டுகள் கழித்தும் பரிசோதித்தது. தோட்டத்திற்குத் திரும்பிய தமிழர்க்கு அத்தகைய பதிவேடு வாய்க்கவில்லை. ஆகவே அவர்தம் வாய்மொழிகளைத் தொகுத்தோர், இப்போது பிள்ளைகள் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுத் தொகுப்போர், சொற்களை மட்டும் எழுதுவது போதாது. தாத்தா எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார், எந்த ஓசைக்குத் திடுக்கிட்டார், எதனைத் தமக்கன்றிப் பிறர்க்கு நேர்ந்ததுபோல் கூறினார் என்பனவும் வரலாற்றுச் சான்றுகளே. தொகுப்புகளில் இவை பெரும்பாலும் 'மௌனம்' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. சில பதிப்பாசிரியர்கள் அதனையும் நீக்கிவிடுகின்றனர்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இவ்வடையாளங்களை ஒரு நோயாகப் பெயரிட்டுத் தன் கையேட்டில் சேர்த்தது 1980-இல். அப்போது அப்பாதை முடிந்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.