ஒரே ஆசனத்தில் இருவர்

மாம்பலத்தில் பீச் ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேஷன் எழும்பூர். அங்குள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் பேரன் பேத்தியை அழைத்துப்போய்த் திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டியிருப்பீர்கள். அடுத்த முறை செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்திலும் சற்று நில்லுங்கள். காதலை நம்மவர்கள் எப்படி வடித்தார்கள் என்பது அங்கே தெரியும்.

சங்க அகப்பாடல்களில் தலைவன், தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது மரபு. பெயர் இல்லாததால் அந்தக் காதல் யாருடையதாகவும் இருக்கலாம். சிற்பிகள் போனது வேறு வழி. அவர்கள் காதலைத் தெய்வங்களிடம் கண்டார்கள்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் ராஜசிம்மன் கட்டிய காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சோமாஸ்கந்தர் சிற்பங்களைப் பாருங்கள். சிவனும் உமையும் ஒரே ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் குழந்தை முருகன். கூரை பிய்யும் நாடகம் எதுவும் இல்லை. மாலை நேரத்தில் ஒரு வீட்டுக் கூடம் போல இருக்கிறது.

சோழர் காலச் சிற்பி இன்னும் நெருங்கிப் பார்த்தான். திருவெண்காட்டில் கிடைத்து இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள கல்யாணசுந்தரர், மணப்பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறார். அவள் தலை லேசாகக் குனிந்திருக்கிறது. அந்தக் குனிவிலேயே கல்யாண வீடு முழுவதும் வந்துவிடுகிறது. அதே திருவெண்காட்டிலிருந்து எழும்பூருக்கு வந்த 11-ஆம் நூற்றாண்டு அர்த்தநாரீஸ்வரருக்கு வலப்பக்கம் இரண்டு கைகள், இடப்பக்கம் ஒன்றுதான். ஆனாலும் எந்தப் பக்கமும் குறைவாகத் தெரிவதில்லை.

பிறகு வந்தவர் ரவி வர்மா (1848–1906). அவருடைய சகுந்தலையும் தமயந்தியும் காத்திருக்கிறார்கள்; காதலன் படத்துக்கு வெளியே இருக்கிறான். 1894-இல் அவர் தொடங்கிய அச்சகத்தால் அவர் வரைந்த முகங்கள் சாதாரண வீட்டுச் சுவர்களுக்கும் வந்து சேர்ந்தன.

அடுத்து வந்தது ஸ்டூடியோ போட்டோ. உங்கள் தாத்தா பாட்டி படத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நின்றிருப்பார். 1,300 ஆண்டுகளுக்கு முன் கல்லில் உமைக்குக் கிடைத்த இடம், ஸ்டூடியோவில் பாட்டிக்குக் கிடைக்கவில்லை! அதற்காக அவர்களுக்குள் அன்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. எதை வெளியே காட்டலாம் என்பதற்கு அந்தக் காலம் போட்ட கோடு அது. கோயிலில் கும்பிட்டதை வீட்டில் நடத்திக் காட்டத் தயங்கியிருக்கிறோம் என்றும் சொல்லலாம்.

நம் பேட்டையில் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டுப் புதிதாக எழும்புகின்றன. வீடு காலி செய்யும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவது இந்தப் படங்கள்தான். தயவுசெய்து போடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்பக்கம் இருவர் பெயரையும் பென்சிலால் எழுதி வையுங்கள். அகப்பாடலுக்குப் பெயர் வேண்டாம், பாட்டிக்கு வேண்டும்.