மீட்டெடுத்த படியின் இரு காலங்கள்: சோழர் கல்வெட்டும் யூனிக்ஸ் நாடாக்காப்பும்

திறவுச்சொற்கள்: காப்புப்படி, காந்த நாடா, யூனிக்ஸ், திருமழபாடி, உத்திரமேரூர், மைப்படி

முன்னுரை

அழிந்த ஆவணம் ஒன்று அதன் படியிலிருந்து மீட்கப்படும்போது அதன்மீது இரண்டு காலங்கள் படிகின்றன. ஒன்று, ஆவணம் தோன்றிய காலம். மற்றொன்று, அது மீட்கப்பட்ட காலம். இரண்டையும் ஒன்றெனக் கொள்வது காலக்கணிப்பில் பிழைக்கு வழிவகுக்கும். சோழர் காலக் கல்வெட்டுப் படியெடுப்பையும், யூனிக்ஸ் கணினிகளில் காந்த நாடாவிலிருந்து கோப்புகளை மீட்கும் முறையையும் அருகருகே வைத்து இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

திருமழபாடிப் படி

அரியலூர் மாவட்டம் திருமழபாடி வைத்தியநாதர் கோயிலின் விமானத்தைப் புதிதாகக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தனது 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பழைய சுவர்களை இடிப்பதற்கு முன் அவற்றிலிருந்த கல்வெட்டுகள் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. புத்தகம் என்பது இங்கு ஓலைச்சுவடியைக் குறிக்கும். அப்படியிலிருந்து அவை மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டது முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில். ஏறத்தாழ 13 ஆண்டுகள் அக்கோயிலின் கொடைச் சான்றுகள் சுவரில் இல்லை. ஓலையில் மட்டுமே இருந்தன. அந்த ஓலை செல்லரித்திருந்தால் அக்கொடைகளுக்குச் சான்று கூற ஒரு வரியும் எஞ்சியிராது.

மீளப் பொறித்த கல்வெட்டில் ஆட்சியாண்டு முந்தைய மன்னனுடையது. எழுத்தமைதி பிந்தைய காலத்தது. எழுத்தமைதியை மட்டும் நோக்குவோர் அதனைப் போலி எனத் தள்ளிவிடக் கூடும். ஆட்சியாண்டை மட்டும் நோக்குவோர் எழுத்து வளர்ச்சி வரலாற்றையே பிறழ உணர்வர். வேறு சில கோயில்களில் இத்தகைய கல்வெட்டுகளைப் பொறித்தவர்கள், இது பழங்கற்படி என்று குறித்துவைத்தமை இவ்விடர்ப்பாட்டை நீக்குகிறது.

நாடாக்களின் வரிசை

யூனிக்ஸ் இயங்குதளம் 1969இல் பெல் ஆய்வகத்தில் உருப்பெறத் தொடங்கியது. அதன் மரபான காப்புக் கருவிகளுள் ஒன்று டம்ப். சுழிநிலைப் படி கோப்பு முறைமை முழுவதையும் நாடாவில் ஏற்றும். ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள நிலைகள், தமக்குக் கீழ்நிலையில் எடுத்த படிக்குப் பின் மாறியவற்றை மட்டும் ஏற்றும். மீட்கும்போது சுழிநிலை நாடாவை முதலில் விரித்து, பிறவற்றை எடுத்த வரிசையிலேயே அடுக்க வேண்டும். வரிசை பிறழ்ந்தால் பழைய பாடம் புதிய பாடத்தை மூடிவிடும். இடையில் வேண்டுமென்றே நீக்கிய கோப்புகள் மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. இதனைத் தவிர்க்கவே ரெஸ்டோர் கருவி ஒவ்வொரு நாடாவிலும் உள்ள அடைவுப் பட்டியலை ஒப்பிட்டு, நீங்கியவற்றை நீக்குகிறது.

வரிசையின் இன்றியமையாமையை உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரிலும் காணலாம். குடவோலைத் தேர்தல் குறித்த முதலாம் பராந்தகன் காலத்து ஏற்பாடுகள் அங்கு இரண்டு உள்ளன: 12ஆம் ஆட்சியாண்டினது (கி.பி. 919) ஒன்று, அதனைத் திருத்திய 14ஆம் ஆட்சியாண்டினது (கி.பி. 921) மற்றொன்று. முந்தையது மட்டும் எஞ்சியிருந்தால், இரண்டே ஆண்டுகளில் திருத்தப்பட்ட விதிகளே சபையின் நிலையான விதிகளெனக் கருதப்பட்டிருக்கும்.

படி இருப்பதும் படி மீள்வதும்

1998இல் பிக்சார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 திரைப்படத்தின் கோப்புகள் யூனிக்ஸ் நீக்கல் கட்டளை ஒன்றினால் அழிந்தபோது, காப்புப்படிகள் முறையாக இயங்கவில்லை என்பது மீட்க முயன்ற பின்னரே தெரியவந்தது. தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சூஸ்மன் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்த படியே படத்தைக் காத்தது. 2011 பிப்ரவரியில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. மென்பொருட் பிழையொன்று ஜிமெயில் பயனர்களுள் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்களை, பல இடங்களில் இருந்த படிகளோடு சேர்த்தே நீக்கியது. பிணையத்திலிருந்து விலகியிருந்த நாடாக்களை அப்பிழை எட்டவில்லை. சுவரிலிருந்து பிரித்து வைத்த ஓலையின் நிலையும் இதுவே.

மீட்ட கோப்பிலும் இரு காலங்கள் உள. உள்ளடக்கம் இறுதியாக மாறிய நேரம் நாடாவிலிருந்தே திரும்பப் பெறப்படும். கோப்பின் விவரக்குறிப்பு மாறிய நேரமோ மீட்ட நாளையே காட்டும். அதனைப் பின்னோக்கித் திருத்த யூனிக்ஸ் தனிக் கட்டளை எதையும் அளிப்பதில்லை. முன்னது கல்வெட்டின் ஆட்சியாண்டை ஒத்தது. பின்னது எழுத்தமைதியை ஒத்தது.

மைப்படியும் வாசிப்பும்

யூனிக்ஸ் நான்காம் பதிப்பின் (1973) முழுமையான படி எதுவும் எஞ்சவில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2025இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகச் சேமிப்பறையில் அதன் நாடா கிடைத்தது. கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் அவ்வாண்டு டிசம்பரில் அதனைப் படித்தவர்கள், நாடாவின் காந்த அலைவடிவத்தையே முதலில் பதிவுசெய்து, எழுத்துகளைப் பின்னர் மென்பொருளால் பிரித்தெடுத்தனர். முதல் வாசிப்பு பிழைத்தாலும் நாடாவை மீண்டும் ஓட்டித் தேய்க்க வேண்டியதில்லை. கல்வெட்டாய்வாளர் பாடத்தை மட்டும் எழுதிக்கொள்ளாது மைப்படியும் எடுப்பது இதே நோக்கில்தான். கல் சிதைந்த பின்னரும் மைப்படியை வேறொருவர் வேறுவிதமாக வாசிக்க இயலும்.

தமிழ் மின்பாடங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககாலப் பாடங்கள் மயிலை, இணைமதி முதலிய எழுத்துருக்களிலும் பின்னர் தகுதர முறையிலும் அமைந்து, அதன்பின்னரே ஒருங்குறிக்கு மாறின. பழைய கோப்பை நாடாவிலிருந்தோ வட்டிலிருந்தோ ஒரு பைட்டும் பிசகாது மீட்டாலும், உரிய எழுத்துரு இன்றேல் திரையில் தோன்றுவது பொருளற்ற குறிகளே. குறிமுறை மாற்றத்தின்போது பிழைகளும் நுழைகின்றன. ஆதலின் மாற்றப்பட்ட கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை நீக்குவது, மைப்படியை எறிந்துவிட்டு வாசிப்பை மட்டும் வைத்துக்கொள்வதாகும். மதுரைத் திட்டப் பாடங்களின் தலைப்பகுதியில் உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களோடு ஆண்டும் இடம்பெறுகிறது. ஒரு பாடவேறுபாடு நூலினுடையதா, உள்ளீட்டினுடையதா, குறிமுறை மாற்றத்தினுடையதா என்று துணிய விரும்பும் ஆய்வாளர் முதலில் காண வேண்டிய இடம் அத்தலைப்பகுதியே. பாடத்தை மட்டும் நகலெடுத்துப் பரப்பும் தளங்கள் பெரும்பாலும் முதலில் வெட்டுவதும் அதனையே.