இமாம் வீட்டைப் பழுதுபார்ப்பது யார் பொறுப்பு?



பள்ளிவாசலின் ஹவ்லில் ஒரு குழாய் உடைந்தால் மறுநாளே ஆள் வந்து விடுகிறார். தொழ வரும் அனைவர் கண்ணிலும் அது படுகிறது. பள்ளியை ஒட்டி இமாமுக்கென விடப்பட்ட வீட்டின் கூரை ஒழுகுவதோ அவருடைய மனைவி மக்களுக்கு மட்டுமே தெரியும். ஊதியத்தை உயர்த்தக் கேட்கவே தயங்கும் ஹஸ்ரத், கூரைக்காக முத்தவல்லியிடம் வாய் திறப்பாரா?

இது புதிய சிக்கலன்று. ஹனஃபீ சட்ட நூலான ஹிதாயாவை இயற்றிய இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 593, கி.பி. 1197) இதுபற்றித் தெளிவாகவே பேசியுள்ளார்கள். வக்ஃபின் வருவாயில் முதற்செலவு அதன் பராமரிப்புக்கே உரியது. வக்ஃப் செய்தவர் அவ்வாறு நிபந்தனை இட்டிருந்தாலும் இடாவிட்டாலும் சரியே. குடியிருப்பதற்கென்றே வக்ஃப் செய்யப்பட்ட வீடாயின், செப்பனிடுவது குடியிருப்பவர் பொறுப்பு. அவர் மறுத்தால், அல்லது வசதியற்றவராயின்? அவரைக் கட்டாயப்படுத்தலாகாது. காழீ அவ்வீட்டை வாடகைக்கு விட்டு, அத்தொகையால் பழுதுபார்த்து, மீண்டும் அவரிடமே ஒப்படைக்க வேண்டும். பள்ளிவாசல் வக்ஃபில் பராமரிப்புக்கு அடுத்த இடம் இமாமுக்கு என்று துர்ருல் முக்தாரில் ஹஸ்கஃபீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 1088) வைத்துள்ளார்கள். கட்டடம் முதலில், இமாம் அடுத்து என்றால், இமாம் குடியிருக்கும் வக்ஃப் கட்டடத்தை எந்த வரிசையில் வைப்பது? நம் நிர்வாகங்களில் அது பெரும்பாலும் கடைசி வரிசையில்தான் நிற்கிறது.

ஹிதாயாவைச் சார்ல்ஸ் ஹாமில்டன் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்து 1791இல் வெளியிட்டார். கம்பெனி நீதிமன்றங்கள் அதனைப் பயன்படுத்தின. ஆனால் இங்கிலாந்தில் பாதிரியார் வீட்டின் நிலை இதைவிடக் கடுமையாயிருந்தது. பதவி விலகிச் செல்பவர், வீட்டின் பழுதுக்கான தொகையைப் பின்வருபவருக்குச் செலுத்தியாக வேண்டும். இறந்துவிட்டாலோ, அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து அது வசூலிக்கப்படும். கணவரை இழந்த பெண் வீட்டையும் காலி செய்து, கூரைக்கும் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. 1871இல் மதிப்பீட்டாளர்கள் நியமிக்கப்பட்டனர். 1923இல்தான் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீட்டைப் பார்வையிடும் முறை வந்தது. பழுதுச் செலவைப் பாதிரியாரின் தலையிலிருந்து இறக்கி மறைமாவட்டத்தின் மீது வைக்க 1972 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே 1923இல் இந்தியாவில் முஸல்மான் வக்ஃப் சட்டம் இயற்றப்பட்டது. முத்தவல்லிகள் சொத்து விவரத்தையும் தணிக்கை செய்த கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்றது அது. ஏட்டைப் பார்த்தார்கள், ஓட்டைப் பார்க்கவில்லை! 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, வக்ஃப் சொத்துகளைப் பார்வையிட முத்தவல்லி இடமளிக்க வேண்டும் என்கிறது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று அப்பிரிவு கூறவில்லை.

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையிலுள்ள மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஊர்களில் ஐந்தாண்டு என்பதே நீண்ட தவணை. 2011 டிசம்பரில் தானே புயல், 2015இல் பெருவெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் என இம்மாவட்டம் கண்டவை கொஞ்சமா? இங்கு ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்பே பார்வையிட வேண்டும். நிர்வாகத்தில் இருவரும் ஒரு கொத்தனாரும் போதும். ஹஸ்ரத் கேட்கும்வரை காத்திராமல் அவர்களே செல்லட்டும். எந்த மூலையில் பாத்திரம் வைத்து மழைநீரைப் பிடிக்கிறார்கள் என்பதை, ஜமாஅத்துப் பெண்கள் வழியாக ஹஸ்ரத் வீட்டாரிடம் கேட்டறிந்து கொள்ளட்டும்.