பிடித்து வைக்கும் தையல்

லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரின் சாகசங்களை வாசித்து வளர்ந்த நமக்கு, அமெரிக்காவின் மேற்குப் பகுதி என்றதும் நினைவுக்கு வருபவை தொடையருகே தாழ்ந்து தொங்கும் துப்பாக்கி உறையும், தோட்டாக்கள் வரிசையிட்ட இடுப்பு வாரும்தான். கண்ணிமைக்கும் நேரத்தில் துப்பாக்கியை உருவுவதற்கென்றே அவை செய்யப்பட்டன என்று எண்ணிக்கொள்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் உறைகளை, குறிப்பாக அவற்றின் தையலை, உற்று நோக்கினால் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

அவற்றைத் தைத்தவர்கள் குதிரைச் சேணம் செய்தவர்களே. தங்க வேட்டைக் காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய மெயின் அண்ட் வின்செஸ்டர், பின்னாளில் வயோமிங்கின் செயென் நகரில் புகழ்பெற்ற மீனியா போன்ற பட்டறைகள் சேணங்களோடு உறைகளையும் விற்றன. கலிபோர்னிய உறை துப்பாக்கியின் வடிவை ஒட்டி ஒடுங்கியிருந்தது. 1870களில் பரவிய மெக்சிகன் வளைய உறையோ ஒரே தோலை மடித்துச் செய்வது. பின்புறம் தொங்கும் பகுதியில் கீறிய வளையங்களுக்குள் உறையையே செருகிவிடுவார்கள். இரண்டுமே ஆழமானவை. பாயும் குதிரையின் மீதிருப்பவன் தன் ரிவால்வரைத் தவறவிடாதிருப்பதே அவற்றின் முதல் நோக்கம்.

இந்த நோக்கத்தைத் தாங்கி நின்றது உறையின் விளிம்பிலோடும் ஒற்றைத் தையல். சேணக்காரர் மரக் கிட்டியில் தோலை இறுக்கி முழங்கால்களுக்கிடையே வைத்துக்கொள்வார். நூல் உராய்ந்து தேயாதபடி முதலில் ஒரு பள்ளம் கீறுவார். தேன்மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகள். குத்தூசியால் இட்ட ஒவ்வொரு துளையிலும் அவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து நுழைந்து வெளியேறும். பிறகு இரு கைகளாலும் ஒருசேர இழுத்து இறுக்குவார். 1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம் மேல்நூலையும் கீழ்நூலையும் நடுவில் பின்னுகிறது. ஒன்று அறுந்தால் அடுத்தடுத்த தையல்களும் தளரக்கூடும். கைத்தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும், அதே துளை வழியே செல்லும் மறுபக்க நூல் பிடித்துக்கொள்ளும்.

இடுப்பு வாரின் கதை இன்னும் சுவையானது. உலோகத் தோட்டாக்கள் வந்தபின் அவற்றுக்கான வளையங்களைத் தோலில் தைத்தார்கள். ஆனால் பட்டைகளால் பதனிட்ட தோலின் அமிலம் தோட்டாவின் உலோகத்தைத் தாக்கிற்று. செம்பில் களிம்பு ஏறுவது சைவ சித்தாந்தம் கற்றோருக்கு உவமையாகவே பழகிய செய்தி. அங்கோ அது உயிர் பற்றிய கவலை. பச்சை படிந்து வளையத்தில் ஒட்டிக்கொண்ட தோட்டா, வேண்டிய வேளையில் வெளிவராது. 1867இல் தோல் வாருக்குக் காப்புரிமை பெற்ற ராணுவ அதிகாரி ஆன்சன் மில்ஸ்தான், பிற்பாடு வளையங்களையும் சேர்த்தே நெய்த துணி வாரைக் கொண்டுவந்தார். அதில் வளையங்களுக்குத் தையலே தேவைப்படவில்லை. சேணக்காரரின் ஊசியை ராணுவ வாரிலிருந்து விலக்கியது, இவ்வாறு, தறி.

நம் மனத்திலுள்ள தாழ்ந்த உறை 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1955 முதல் 1975 வரை ஒளிபரப்பான 'கன்ஸ்மோக்' போன்ற தொடர்களின் காலத்தில், ஆர்வோ ஓஜாலா தோலடுக்குகளுக்கிடையே உலோகத் தகடு வைத்து உறைகள் செய்தார். நடிகர்களுக்கு விரைந்து உருவவும் கற்றுக்கொடுத்தார். பிடித்து வைப்பதற்காகப் பிறந்த பொருள், விடுவிப்பதற்கான பொருளாயிற்று. திரை அதையே பழமை என்று நமக்குக் காட்டியது; நாமும் நம்பினோம்.

பழைய உறைகள் பலவற்றில் பட்டறையின் பெயர் முத்திரையாக நிற்கிறது. துப்பாக்கி ஏந்திய சிலரின் பெயர்களை உலகமே அறியும். இரண்டு ஊசிகளோடு குனிந்திருந்த தொழிலாளியின் பெயர் மட்டும் பெரும்பாலும் எங்குமில்லை. நேர்கோட்டிலிருந்து சற்றே விலகிய ஒரு துளையில் அவருடைய கையைக் காண்கிறோம்; அவரைப் பற்றி நமக்கு எஞ்சியிருப்பது அவ்வளவே.